தீயணைப்புக்குப் பாடம் எழுதிய சர்வேயர்

தீயணைப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிவப்பு வண்டியும் மணிச்சத்தமும்தான். வண்டியின் வரலாறு, பம்பின் வரலாறு, ஏணியின் வரலாறு எல்லாம் தேடினால் நிறையக் கிடைக்கிறது. ஆனால் அந்த வண்டியில் இருந்து குதித்து இறங்குகிற ஆட்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. யார் குழாயைப் பிடிப்பது, யார் தண்ணீர் தேடி ஓடுவது, யார் உத்தரவு போடுவது, போலீஸ்காரர் எங்கே நிற்பது... இதெல்லாம் வானத்தில் இருந்து விழுந்த ஏற்பாடு இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வேலை என்று பிரித்து, அதை எழுதியும் வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் அப்படி முதன்முதலில் முழுப் புத்தகமாக எழுதியவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். ஸ்காட்லாந்துக்காரர். 1800-ல் எடின்பரோவில் பிறந்தவர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

அவருக்கு முன்னால் தீயணைப்புப் படையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரோமாபுரியில் கி.பி. 6-ம் ஆண்டிலேயே அகஸ்டஸ் மன்னர் 'விஜிலெஸ்' என்று ஒரு படை வைத்திருந்தார். நகரத்தில் 14 வட்டாரங்கள், படையில் 7 பிரிவுகள். ஒரு பிரிவுக்கு இரண்டு வட்டாரம். பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகள்தான் அதில் சேர்க்கப்பட்டார்கள். ராத்திரியில் ரோந்து போவார்கள், நெருப்பைக் கண்டால் அணைப்பார்கள், திருடனைக் கண்டால் பிடிப்பார்கள். ரோம் விழுந்தபிறகு ஐரோப்பாவில் அந்த மாதிரி ஒழுங்கு ரொம்ப காலத்துக்கு இல்லாமல் போய்விட்டது. அது தனிக் கதை. நாம் லண்டனுக்கு வருவோம்.

1666-ல் லண்டன் நகரம் எரிந்தது எல்லோருக்கும் தெரியும், பள்ளிப் பாடத்திலேயே வரும். அந்தத் தீக்குப் பிறகு உருவான ஒரு பெரிய வியாபாரம் தீக் காப்பீடு. 1680 வாக்கில் நிக்கோலஸ் பார்பன் என்பவர் முதலில் தொடங்கினார். பிறகு ஒவ்வொன்றாக நிறைய கம்பெனிகள் வந்தன. வீடு எரிந்தால் கம்பெனிதான் பணம் கொடுக்க வேண்டும். அப்படியானால் எரியாமல் பார்த்துக்கொள்வது கம்பெனிக்கு லாபம். அதனால் ஒவ்வொரு கம்பெனியும் சொந்தமாகத் தீயணைக்கும் ஆட்களை வைத்துக்கொண்டது. தங்களிடம் காப்பீடு செய்த வீடுகளின் சுவரில் உலோகத்தில் ஒரு முத்திரைத் தகடு அடித்தார்கள். ('தகடு இல்லாத வீடு என்றால் எரியட்டும் என்று கைகட்டி நிற்பார்கள்' என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. அதற்குச் சான்று மிகவும் குறைவு என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பக்கத்து வீடு எரிந்தால் நம் வீட்டுக்கும் பரவும் என்பது கம்பெனிக்காரருக்குத் தெரியாதா என்ன?)

அந்த ஆட்கள் யார் என்பதுதான் சுவாரசியம். பெரும்பாலும் தேம்ஸ் ஆற்றில் படகு ஓட்டுகிறவர்கள். பகலில் படகு, தீ என்றால் ஓடிவருவார்கள். கம்பெனி அவர்களுக்குப் பளபளவென்று சீருடையும் கையில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டையமும் கொடுத்தது. சம்பளத்தைவிட அவர்களுக்குப் பெரிய ஆதாயம் வேறு ஒன்று. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள் வேண்டுமென்றால் ஆற்றங்கரையில் நிற்பவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காப்பீட்டுக் கம்பெனியின் தீயணைப்பாளர் பட்டியலில் பெயர் இருந்தால் அதில் இருந்து விலக்கு உண்டு. இதைவிட நல்ல ஆள்சேர்ப்பு விளம்பரம் இருக்க முடியுமா!

கம்பெனிகளைத் தவிர ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் ஒரு பம்பு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. முதலில் வந்து சேரும் பம்புக்கு 30 ஷில்லிங், இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு 10 என்று பரிசும் உண்டு. வந்து சேர்வதற்குத்தான் பரிசு, அணைப்பதற்கு இல்லை. சட்டம் பம்பைக் கேட்டது, பம்பை இயக்கத் தெரிந்த ஆளைக் கேட்கவில்லை. வட்டாரச் சேவகர் பொறுப்பில் அது துருப்பிடித்துக் கிடக்கும். சார்லஸ் டிக்கன்ஸ் தன் முதல் புத்தகத்திலேயே இந்த வட்டார பம்பைப் பிடித்துக் கிண்டல் செய்திருக்கிறார்.

இப்போது எடின்பரோ.

எடின்பரோவின் பழைய நகரம் ஒரு விசித்திரமான இடம். மலை முதுகின் மேல் ஒரே ஒரு பெரிய தெரு. அதன் இரண்டு பக்கமும் ஆள் நடக்க மட்டும் இடமுள்ள சந்துகள். அந்தச் சந்துகளில் பத்து மாடி, பதினொரு மாடி என்று கட்டடங்கள். லிஃப்ட், கான்கிரீட் எதுவும் இல்லாத காலத்தில்! ஒவ்வொரு மாடியிலும் பல குடும்பங்கள். தீப்பிடித்தால் வண்டி உள்ளே போகவே முடியாது.

1824-ல் அடுத்தடுத்து தீ விபத்துகள் நடந்தபிறகு, நகர நிர்வாகமும் காப்பீட்டுக் கம்பெனிகளும் சேர்ந்து பணம் போட்டு ஒரே பொதுவான தீயணைப்பு அமைப்பை உருவாக்கின. அதற்குத் தலைவராக அக்டோபர் மாதம் நியமிக்கப்பட்டவர்தான் பிரெய்ட்வுட். வயது 24. அப்பா கட்டட வேலைகள் எடுத்துச் செய்கிறவர். மகனும் அந்தத் தொழிலைப் படித்து, சர்வேயர் வேலை கற்றவர். இந்தப் பின்னணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். சுவர் எப்படி நிற்கிறது, உத்தரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எது முதலில் விழும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

வேலையில் சேர்ந்து சில வாரங்கள்தான். ஆட்களைப் பழக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. நவம்பர் 15, திங்கட்கிழமை, இரவு பத்து மணி சுமாருக்கு ஓல்ட் அசெம்பிளி குளோஸ் என்ற சந்தில், செப்புத்தகட்டில் படம் செதுக்கி அச்சடிக்கும் பட்டறை ஒன்றில் தீப்பிடித்தது. விடிவதற்குள் பக்கத்துக் கட்டடங்களுக்குப் பரவியது. மறுநாள் முற்பகலில் அடங்கியது என்று நினைத்தபோது டிரான் தேவாலயத்தின் கோபுரத்தில் பிடித்தது. மரக் கோபுரம், மேலே ஈயத் தகடு. ஈயம் உருகி மழையாகக் கொட்டியது. அணைக்கப் போனவர்கள் ஓட வேண்டியதாயிற்று. அன்று இரவே நாடாளுமன்றச் சதுக்கத்தின் பக்கம் இன்னொரு பெரிய கட்டடத்தில் புதிதாகத் தீ. எல்லாம் அடங்க ஐந்து நாள் ஆயிற்று. 13 பேர் செத்தார்கள், அதில் இரண்டு பேர் தீயணைப்பாளர்கள். சுமார் 400 குடும்பங்கள் வீடிழந்தன. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் இதை நேரில் பார்த்திருக்கிறார்.

அந்த ராத்திரிகளில் நடந்த குழப்பம்தான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுகிறது. தீயைப் பார்க்க நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நகர நிர்வாகிகள், நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள். வந்தவர்கள் சும்மா நிற்கவில்லை. ஆளாளுக்கு உத்தரவு போட்டார்கள். ஒருவர் இங்கே தண்ணீர் அடி என்பார், இன்னொருவர் அந்தக் கட்டடத்தைக் காப்பாற்று என்பார். குழாயைப் பிடித்திருப்பவன் தச்சனோ கொல்லனோ. எதிரே நிற்பவர் நீதிபதி. அவன் யார் பேச்சைக் கேட்பான்? 24 வயது பையன் பேச்சையா?

தீ அடங்கியதும் வழக்கம்போலப் பழியைத் தீயணைப்பாளர்கள் மேல் போட்டார்கள். புது ஏற்பாடு தோல்வி என்றார்கள். விசாரணை நடந்தது. அதில் பிரெய்ட்வுட் மேல் குற்றமில்லை என்று முடிவானது. அதோடு இன்னொரு முடிவும் வந்தது: இனிமேல் தீ நடக்கும் இடத்தில் தீயணைப்புத் தலைவர் ஒருவரின் உத்தரவுதான் செல்லும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தீயணைப்பு ஆளுக்கு நேரடியாக உத்தரவு போடக்கூடாது.

இன்றைக்குக் கேட்டால் 'இதென்ன பிரமாதம்' என்று தோன்றும். 1824-ல் ஒரு சர்வேயர் பையனின் சொல் நீதிபதியின் சொல்லுக்கு மேலே என்று எழுதி வைப்பது சாதாரண விஷயம் இல்லை. நம் ஊரில் ஒரு சின்ன விபத்து நடந்தால்கூட சுற்றி நிற்கிற பத்து பேரும் பத்து யோசனை சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதிகாரம் இல்லாதவன் சொல்வதைத் தள்ளிவிடலாம். அதிகாரம் உள்ளவன் தப்பாகச் சொன்னால்தான் கஷ்டம்.

அடுத்து ஆள் தேர்வு. படையில் சுமார் 80 பேர். எல்லோருமே பகுதிநேர ஆட்கள், பகலில் சொந்தத் தொழில் பார்ப்பவர்கள். எந்தத் தொழில்காரனை எடுப்பது என்பதற்கு பிரெய்ட்வுட் ஒரு கணக்கு வைத்திருந்தார். கூரைக்குக் கற்பலகை வேய்கிறவன் வேண்டும், அவனுக்குச் சறுக்கலான கூரையில் நடப்பது சாதாரணம். தச்சனும் கொத்தனும் வேண்டும், வீடு எப்படிக் கட்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், எந்தச் சுவரை இடிக்கலாம், எந்தத் தளம் தாங்கும் என்று இருட்டிலும் சொல்வார்கள். பிளம்பர் வேண்டும், தண்ணீர்க் குழாயோடு பழகியவன், கூரை மேலும் வேலை செய்தவன். கொல்லனும் வேண்டும். அவன் தினமும் உலைக்கு முன்னால் நிற்பவன், வெப்பமும் புகையும் அவனுக்குப் புதிதில்லை. இளவயதுக்காரர்களாகப் பார்த்து எடுத்தார். பலசாலி என்பதற்காகவோ, யாராவது சிபாரிசு செய்தார் என்பதற்காகவோ எடுக்கவில்லை. அவன் ஏற்கெனவே என்ன கற்றிருக்கிறான் என்று பார்த்து, அதை அப்படியே தீயணைப்புக்குத் திருப்பிவிட்டார்.

பயிற்சி வாரம் ஒருநாள், அதிகாலை நாலு மணிக்கு! ஸ்காட்லாந்துக் குளிரில் நாலு மணி என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இதற்கும் காரணம் இருந்தது. அந்த நேரத்தில் தெருவில் கூட்டம் இருக்காது, குழாயை நீட்டிப் பழகலாம். பெரிய தீ பெரும்பாலும் இரவில்தான் வருகிறது, அதனால் இருட்டில் கை தானாக வேலை செய்யப் பழக வேண்டும். எல்லா வானிலையிலும் பழக வேண்டும். நாலு மணிக்கு முடித்தால் அவரவர் தொழிலுக்கும் நேரத்தோடு போய்விடலாம், ஒருநாள் கூலி கெடாது. இந்தக் கடைசிக் காரணத்தை யோசித்ததற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

வண்டிகளுக்கு சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் என்று நிறம் பூசி, ஆட்களை அந்த நிறங்களின் குழுக்களாகப் பிரித்தார். 'அந்த வண்டி, இந்த வண்டி' என்று குழம்ப வேண்டாம். நீலம் என்றால் நீலத்து ஆட்கள் மட்டும் போவார்கள். தீயின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் கப்பல்காரர்கள் பயன்படுத்துவது போன்ற ஒரு விசில் வைத்திருந்தார். இத்தனை தடவை ஊதினால் தண்ணீர் விடு, இப்படி ஊதினால் நிறுத்து என்று சங்கேதங்கள். தலைக்கு கெட்டித் தோலில் தொப்பி, பின்பக்கம் கழுத்தை மூடும்படி ஒரு தோல் மடிப்பு. எரியும் துண்டும் உருகிய ஈயமும் சட்டைக்குள் விழாமல் இருக்க. டிரான் கோபுரத்துப் பாடம் என்று நினைக்கிறேன்.

உடற்பயிற்சியும் உண்டு. ஏணி ஏறுவது, கயிற்றில் இறங்குவது. உயரமான கட்டடங்கள் உள்ள ஊர் அல்லவா.

இதையெல்லாம்விட முக்கியமான மாற்றம் ஒன்று இருக்கிறது. அதுவரைக்கும் தீயணைப்பு என்றால் தெருவில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சுவதுதான். பார்க்க நன்றாக இருக்கும். கூட்டம் கைதட்டும். தண்ணீர் பாதி சுவரில் பட்டு வழியும், மீதி புகைக்குள் எங்கோ போகும், நெருப்பின் மேல் படவே படாது. பிரெய்ட்வுட் சொன்னது: உள்ளே போ. நெருப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார். அதன் மேல் தண்ணீர் படும்படி அடி. உள்ளே போவது ஆபத்து ஆயிற்றே? அதற்கும் விதி எழுதினார். தனியாக யாரும் போகக்கூடாது. ஒருவன் மயங்கினால் இழுத்துவர இன்னொருவன் கூட இருக்க வேண்டும். தரையோடு தரையாகக் குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து போ, நல்ல காற்று தரைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இன்றைக்குப் பள்ளியில் 'புகை வந்தால் தவழ்ந்து வெளியே வா' என்று சொல்லித் தருகிறார்களே, அதே விஷயம்தான்.

1830-ல் இவற்றை எல்லாம் புத்தகமாக எழுதினார். தலைப்பே நீளமானது, தீயணைப்பு எந்திரங்களின் அமைப்பு, தீயணைப்பாளர் பயிற்சி, தீயின்போது செய்யவேண்டிய முறை என்று மூன்றையும் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. தன் ஆட்களோடு மற்றவர்களுடைய வேலையையும் அவர் பிரித்துப் பார்த்தார் என்பது இதில் கவனிக்க வேண்டியது. போலீஸ்காரரின் வேலை தகவல் சொல்வது, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது, வெளியே எடுத்துப் போட்ட சாமான்களைத் திருடன் கொண்டுபோகாமல் காப்பது. குழாயைத் தொடுவது அவர் வேலை இல்லை. தண்ணீர்க் கம்பெனியின் ஆள் வந்து தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். நகரத்துப் பெரியவர்கள் ஒரு இடத்தில் இருக்க வேண்டும், சொல்ல வேண்டியதைத் தலைவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். 1824 நவம்பரில் என்னென்ன கெட்டுப்போனதோ அது ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி.

லண்டன் இந்தப் புத்தகத்தைக் கவனித்தது. பத்து காப்பீட்டுக் கம்பெனிகள் தங்கள் தனித்தனிப் படைகளைக் கலைத்து ஒன்றாக்கி, 1833 ஜனவரி 1 முதல் ஒரே அமைப்பாக நடத்தத் தொடங்கின. தலைவராக பிரெய்ட்வுட்டைக் கூப்பிட்டார்கள். இங்கேயும் சுமார் 80 பேர்தான், ஆனால் எல்லோரும் முழுநேர ஊழியர்கள். பளபளப்பான பழைய சீருடைகளுக்குப் பதில் சாம்பல் நிற உடுப்பு.

லண்டனில் அவர் ஆள் எடுக்கும் கணக்கை மாற்றிக்கொண்டார். இங்கே முன்னாள் மாலுமிகளைத் தேடினார். ஏன்? எடின்பரோவில் ஆள் தன் தொழிலைப் பார்த்துக்கொண்டு எப்போதாவது தீக்கு வருவான். லண்டனில் இரவும் பகலும் நிலையத்திலேயே கிடக்க வேண்டும், எப்போது மணி அடிக்கும் என்று தெரியாது, அடித்தால் சொன்னதைச் செய்ய வேண்டும். கப்பலில் முறைவைத்துக் காவல் இருந்தவனுக்கு இது பழகிய வாழ்க்கை. ஒரே மனிதர், ஒரே தொழில், ஆனால் வேலையின் தன்மை மாறியதும் தகுதியையும் மாற்றினார். முன்பு எழுதின புத்தகத்தையே பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

டூட்டி பிரித்த முறையும் அழகானது. ஆட்களில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் நிலையத்தில் தயாராக இருப்பார்கள், மற்றவர்கள் கூப்பிட்டால் வர வேண்டும். நகரம் சில மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு மண்டலத்தில் தீ என்றால் அந்த மண்டலத்து ஆட்கள் முழுப்பேரும் போவார்கள். அடுத்துள்ள மண்டலங்களில் இருந்து மூன்றில் இரண்டு பங்கு, அதற்கும் அப்பால் உள்ளவற்றில் இருந்து மூன்றில் ஒரு பங்கு. எல்லோரும் ஒரே தீக்கு ஓடிவிட்டால் அந்த நேரத்தில் இன்னொரு இடத்தில் பிடித்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத்தான் அந்தப் பின்னக் கணக்கு.

பம்பு அடிப்பது மட்டும் கடைசி வரை பொதுமக்கள் கையில்தான். ஒரு பம்பை இயக்க இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு பக்கமும் நின்று கட்டையை ஏற்றி இறக்க வேண்டும். அவ்வளவு பேரைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. தெருவில் நிற்பவர்களைக் கூப்பிட்டு, முதல் ஒரு மணிக்கு ஒரு ஷில்லிங், பிறகு மணிக்கு ஆறு பென்ஸ், கூடவே பீர். பீர் வரத் தாமதமானால் பம்பு நின்றுவிடும்! நீராவி பம்பு 1829-லேயே வந்துவிட்டது. அதை வாங்கலாமே என்று பலர் சொன்னார்கள். பிரெய்ட்வுட் ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு வேகமாகத் தண்ணீர் வந்தால் ஆட்கள் மறுபடியும் தெருவிலேயே நின்று பீய்ச்ச ஆரம்பித்துவிடுவார்கள், உள்ளே போகும் பழக்கம் கெட்டுவிடும் என்பது அவர் பயம். எனக்கு இது அவருடைய பிடிவாதம் என்றே தோன்றுகிறது. பழக்கத்தைக் காப்பாற்ற கருவியைத் தள்ளிவைத்தார். 1860 வாக்கில்தான் தெருவில் ஓடும் நீராவி பம்பு ஒன்று அவர் அமைப்புக்கு வாடகைக்கு வந்தது.

1834 அக்டோபர் 16-ம் தேதி மாலை நாடாளுமன்றமே எரிந்தது. அரசுக் கணக்குக்குப் பயன்பட்ட பழைய மரக்குச்சிகளை வண்டிக்கணக்கில் பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த அடுப்பில் போட்டு எரித்ததால் வந்த வினை. நாடாளுமன்றம் எந்தக் கம்பெனியிலும் காப்பீடு செய்யப்படவில்லை. கண்டிப்பாகப் பார்த்தால் பிரெய்ட்வுட்டின் ஆட்களுக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தும் 12 வண்டிகளோடு 64 பேர் போனார்கள். இரண்டு சபைகளையும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும், பழைமையான வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் கவனம் திரும்பியது. மண்டபத்துக்கு உள்ளேயே பம்பைக் கொண்டுபோய் வைத்து, 14-ம் நூற்றாண்டின் மரக்கூரையை நனைத்துக்கொண்டே இருந்தார்கள். இன்றும் அந்தக் கூரை இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். இவ்வளவு நல்ல படை என்றாலும் அது காப்பீட்டுக் கம்பெனிகளின் சொத்து. கம்பெனி காப்பீடு செய்தது சரக்கையும் கட்டடத்தையும். மாடியில் மாட்டிக்கொண்ட மனிதனைக் காப்பாற்றுவது எழுதப்பட்ட கடமையாக இல்லை. நேரில் பார்த்தால் காப்பாற்றத்தான் செய்தார்கள், பிரெய்ட்வுட்டே எடின்பரோவில் பலரைத் தூக்கி வந்தவர். ஆனால் உயரமான ஏணி கொண்டுவந்து ஆளை இறக்கும் பொறுப்பு 1836-ல் நன்கொடையில் தொடங்கிய வேறொரு சங்கத்தினுடையது. அவர்கள் ராத்திரியில் தெருமுனைகளில் சக்கர ஏணியோடு ஒரு ஆளை நிறுத்தி வைத்தார்கள். ஆக, ஒரே தீக்கு இரண்டு தரப்பு. சரக்குக்கு ஒருவர், உயிருக்கு ஒருவர். உலகத்தின் மிகப்பெரிய நகரத்தில், அரசாங்கத்தின் பங்கு இதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பிரெய்ட்வுட் பல வருடங்களாக எச்சரித்துக்கொண்டிருந்த ஒன்று ஆற்றங்கரைக் கிடங்குகள். அளவுக்கு மீறிப் பெரிய கட்டடங்கள், உள்ளே தடுப்புச் சுவர் போதாது, ஒன்று பிடித்தால் தன் படையால் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவந்தார். 1861 ஜூன் 22, சனிக்கிழமை மாலை, டூலி தெருவில் காட்டன்ஸ் வார்ஃப் என்ற கிடங்கில் பிடித்தது. உள்ளே சணல், பருத்தி, கொழுப்பு, சர்க்கரை, வெடியுப்பு. வங்காளத்துச் சணல் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போன காலம் அது. தீ பரவாமல் தடுக்க இரும்புக் கதவுகள் இருந்தன. அவை திறந்தே கிடந்தன. மூடும் வேலை யாருடையது? அந்தக் கிடங்கில் அப்படி ஒரு ஆளை யாரும் நியமித்ததாகத் தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் வற்றிய நேரம், மிதக்கும் பம்பு கரைக்குப் பக்கத்தில் வர முடியவில்லை.

சாயங்காலம் ஏழரை மணி இருக்கும். வெப்பத்தில் களைத்துப்போன ஆட்களுக்கு பிரெய்ட்வுட் தன் கையாலேயே பிராந்தி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிடங்கின் சுவர் வெடித்துச் சரிந்தது. அவரும் அருகில் நின்ற இன்னொருவரும் அதன் அடியில். சுவர் எப்போது விழும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த சர்வேயர். வயது 60. உடலை எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. தீ முழுவதும் அடங்க இரண்டு வாரம். நஷ்டம் சுமார் 20 லட்சம் பவுண்டு என்று கணக்கிட்டார்கள். ஜூன் 29-ம் தேதி நடந்த இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீளம். ஆப்னி பார்க் கல்லறையில், 1855-ல் தீயணைக்கும்போது இறந்துபோன தன் வளர்ப்பு மகனுக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள்.

காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு இந்த அடி தாங்க முடியவில்லை. லண்டனைக் காக்கும் வேலையை இனி எங்களால் செய்ய முடியாது என்று 1862-ல் அரசாங்கத்திடம் சொல்லிவிட்டன. மூன்று வருடம் பேச்சு நடந்து, 1865-ல் சட்டம் வந்தது. 1866 ஜனவரி 1-ம் தேதி முதல் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மாநகரத் தீயணைப்புப் படை தொடங்கியது. பிரெய்ட்வுட்டின் இடத்துக்கு வந்த ஐர்மாசி ஷா என்ற அயர்லாந்துக்காரர்தான் அதற்கும் தலைவர். அவரும் மாலுமிகளைத்தான் தேடி எடுத்தார். உயிர்காக்கும் சங்கம் தன் சக்கர ஏணிகளை 1867-ல் இந்தப் படையிடம் ஒப்படைத்தது. அதோடு ஆளைக் காப்பாற்றுவதும் தீயணைப்பாளரின் டூட்டிப் பட்டியலில் சேர்ந்தது.